உடைந்த பிறகும் நின்ற கண்ணாடி

வியாழக்கிழமை தையல் கடைக்கு விடுமுறை. அன்று பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கடைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். தையல்காரம்மா மெஷினுக்குப் பின்னால் தன் முக்காலியில் இருந்தார். அவருடைய கணவர் கண்ணாடி ஆலையில் முப்பத்தோரு வருடம் உலை பார்த்து ஓய்வு பெற்றவர், உலைக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும்; அவர் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தையல்காரம்மாவின் தம்பி அதே ஆலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவர். மடியில் பச்சை ஃபைலோடு வாடிக்கையாளர் நாற்காலியில் இருந்தார். நான்காமவர் கண்ணாடி மாட்டுகிறவர். தகடு தூக்கும் ரப்பர் உறிஞ்சிகள் இரண்டை எங்கே போனாலும் கையில் வைத்திருப்பதால் அவருக்கே உறிஞ்சி என்று பெயர் வந்துவிட்டது; அவருக்கு நாற்காலி இல்லாததால் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். இந்த நால்வருக்கும் தெருவுக்கும் நடுவில் கடையின் முன்பக்கக் கண்ணாடி இருந்தது: எட்டடி உயரம், ஐந்தடி அகலம், பத்து மில்லி கனம். அது உடைந்து மூன்று மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. இன்னும் விழவில்லை.

உடைந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. யாரும் கல் எறியவில்லை, கதவை ஓங்கிச் சாத்தவில்லை, தெருவில் வண்டிகூடப் போகவில்லை. ஒரு மூட்டை ஜல்லியைத் தகரத்தில் கொட்டினாற்போல ஒரே ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் ஒரு நொடியில் வெளுத்து, மேலிருந்து கீழ்வரை பொடிப்பொடித் துண்டுகளாக விரிசல் கண்டது. தையல்காரம்மா அப்போது ஒரு சட்டைக் காலரை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு ஒன்றரையடி தள்ளித்தான் மெஷின், வெளிச்சத்துக்காக. கையில் இருந்த வரிசையை முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். துண்டுகள் ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் இருந்தன. பக்கத்துக் கடைப் பூட்டு ரிப்பேர்காரர் ஓடிவந்து, "அப்படியே பின்னால நகருங்கம்மா, கொட்டிரும்" என்றார். தையல்காரம்மா நகர்ந்தார். இருவரும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு பூட்டுக்காரருக்கு ஒரு பெட்டி திறக்க வேண்டியிருந்ததால் போய்விட்டார். தையல்காரம்மாவும் காலரை முடிக்க உட்கார்ந்தார்.

இதில் வியப்பு எது, இல்லாதது எது என்று தெரிவதற்கு இந்த வகைக் கண்ணாடி எப்படி ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சாதாக் கண்ணாடியை முதலில் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, கைப்பிடிக்கும் கீலுக்கும் வேண்டிய ஓட்டைகளைப் போட்டுக் கழுவிவிடுவார்கள். எல்லாம் முதலிலேயே. சூடாக்கிச் சட்டென்று ஆற்றிப் பதம் போட்ட பிறகு அதில் ஒரு ஊசித்துளைகூடப் போட முடியாது, போட்டால் மொத்தமும் சிதறும். பிறகு உருளைகளின் மேல் உலைக்குள் போகும். அறுநூற்று இருபது, முப்பது டிகிரியில் கண்ணாடி இளகும். ஒரே இடத்தில் நின்றால் உருளைக்கு நடுவில் தொய்ந்துவிடும் என்று முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், தொட்டில் மாதிரி. சில நிமிடத்தில் வெளியே இழுத்து மேலும் கீழும் நூற்றுக்கணக்கான குழாய்களில் காற்றைப் பீய்ச்சுவார்கள். தோல் முதலில் உறைந்துவிடும். வயிறு மெதுவாக ஆறும். ஆறும்போது சுருங்கப் பார்க்கும், உறைந்த தோல் விடாது. அன்றிலிருந்து தோல் நெருக்கப்பட்டும் வயிறு இழுபட்டும் அந்தக் கண்ணாடி வாழ்கிறது. அந்த இழுபறிதான் அதன் பலம். சாதாக் கண்ணாடியைவிட நான்கு ஐந்து மடங்கு அடி தாங்கும். தாங்காமல் போனால் கத்தி கத்தியாக உடையாமல் மழுங்கிய பொடித் துண்டுகளாகக் கொட்டிவிடும், ஆளை அறுக்காது. ஆனால் கொட்டும். அதுதான் அதன் குணம்.

உடைந்தும் நிற்கிற கண்ணாடிகள் உண்டு. காற்றைக் குறைத்து மெதுவாக ஆற்றினால் பாதிப் பதம் கிடைக்கும். அது பெரிய பெரிய துண்டாகக் கீறி, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு தகட்டுக்கு நடுவில் பசைப்படலம் வைத்து ஒட்டினதும் நிற்கும். உடைந்தாலும் படலம் விடாது. கைப்பேசி முகப்பு மாதிரி மெல்லிய கண்ணாடிக்குக் காற்று சரிப்படாது என்று கொதிக்கும் உப்புக் குழம்பில் முக்குவார்கள். கண்ணாடியிலிருந்து சின்னத் துகள் வெளியே போக, உப்பிலிருந்து பெரிய துகள் வந்து அந்த இடத்தில் நெருக்கி உட்காரும், பேருந்தில் ஒல்லியானவர் எழுந்த இடத்தில் பருத்தவர் உட்காருவதைப்போல. தையல் கடைக் கண்ணாடி இதில் எதுவும் இல்லை. முழுப் பதம், ஒற்றைத் தகடு, படலம் கிடையாது. உறிஞ்சி முதல் நாளே வந்து பார்த்து, "சட்டத்துக்குள்ள இறுக்கமா இருந்தா சில நேரம் அரை நாள் நிக்கும். சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது கொட்டிரும்" என்றார். கொட்டவில்லை. ஐந்தாம் நாள் தரையில் தார்ப்பாய் விரித்துவிட்டு நான்கு பக்கச் சட்டத்தையும் கழற்றினார். கண்ணாடி அப்படியே நின்றது. சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி, எதையும் தொடாமல், எட்டடிக்கு ஐந்தடி. உறிஞ்சி தன் விரலை உள்ளே விட்டு மேலிருந்து கீழாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகு தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு, அன்றைக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆலையிலிருந்து தம்பி அளவுகோலும் படிவமுமாக வந்தார். ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து அதற்குள் எத்தனை துண்டு என்று எண்ண வேண்டும். நாற்பதுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அறுபத்து மூன்று இருந்தது. உடைந்த விதத்தில் கண்ணாடி தேர்ச்சி பெற்றது. 'விழுந்த துண்டுகளின் எடை' என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினார். 'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில் நிற்கிறது என்று எழுதினார். மேலாளர் படிவத்தைத் திருப்பியனுப்பி, அந்தக் கட்டத்தில் அகற்றப்பட்டது அல்லது அகற்றப்படவில்லை என்றுதான் எழுதலாம், நிற்கிறது என்று எழுதக் கூடாது என்று குறிப்பு வைத்தார்.

உலைக்காரர் முதல் நாள் மாலை மெஷினைப் பின்சுவருக்கு நகர்த்தினார். மறுநாள் காலை தையல்காரம்மா அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார். "வெளிச்சம் இங்கதான இருக்கு? பின்னால போய் உக்காந்து கையைத் தைச்சுக்கவா?" இப்படி நான்கு முறை நகர்ந்த பிறகு உலைக்காரர் வேறு வழி செய்தார். கண்ணாடிக்கும் மெஷினுக்கும் நடுவில் இருந்த ஒன்றரையடியில் ஒரு குறுகிய மேசையைப் போட்டு, இனிமேல் இஸ்திரி வேலையை நானே பார்க்கிறேன் என்று நின்றுகொண்டார். ஓய்வு பெற்ற மனிதர், வாழ்நாளில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதில்லை. முதல் வாரம் மூன்று காலர் கருகின. முதுகு கண்ணாடிப் பக்கம், முகம் மனைவி பக்கம். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை உட்காராமல் நிற்பார். இஸ்திரி போட எதுவும் இல்லாதபோது போட்டதையே மறுபடி போட்டார்.

தெருவுக்குப் பழகிவிட்டது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் முதல் மாதம் கண்ணாடியைப் பற்றிக் கேட்டார்கள், இரண்டாம் மாதம் ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். கடைக்குள் வெளிச்சம் பொடிப்பொடியாக விழுந்ததால் நூலின் நிறம் பார்க்க மட்டும் தையல்காரம்மா வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு காற்று நாளில் இடுப்பு உயரத்தில் ஒரு துண்டு உதிர்ந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அவர் அந்தத் துண்டைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, ஓட்டையில் வைத்தார். நின்றது.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் காரணம் ஆலையிலிருந்து வந்த ஒரு தாள். புதுத் தகடு ஒன்றை ஆலையே மாட்டித் தரும். பதிலுக்குக் கடை உரிமையாளர் ஒரு கையெழுத்துப் போட்டு ஆலைக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். தம்பி தாளை நேரிலேயே கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, கீழ ஒரே ஒரு கையெழுத்து. அடுத்த வாரம் புதுசு வந்துரும். அண்ணன் மாட்டிருவாரு."

"மாட்டுறது இருக்கட்டும் தம்பி" என்றார் உறிஞ்சி. "இருக்கறதை எப்படி எடுக்குறதுன்னு உங்க ஆலையில எவனாவது சொன்னானா? நான் சட்டத்தையே கழட்டிட்டேன். இனி எதைக் கழட்ட, செவுத்தையா?"

தையல்காரம்மா தாளைப் படித்துக்கொண்டிருந்தார். அளவுப் புத்தகம் எழுதிப் பழகியவர், எந்தத் தாளையும் வரி வரியாக விரல் வைத்துத்தான் படிப்பார். விரல் மூன்றாவது பத்தியில் நின்றது. மேற்படி தகடு முறைப்படி ஊறல் சோதனைக்கு உட்படுத்தப்பட்டதே என்பதையும், தயாரிப்பில் குறையேதும் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். அவர் பேனா மூடியைத் திறந்தார்.

"அதுல போடாத" என்றார் உலைக்காரர்.

"ஏன்?"

"அது ஊறலுக்குப் போகல."

தம்பி சிரித்தார். "மாமா, ஃபைல் என் மடியில இருக்கு. இருநூத்தித் தொண்ணூறு டிகிரி, ரெண்டு மணி நேரம். கீழ யார் கையெழுத்து பாருங்க. என்னுது."

"உன்னுதுதான் மாப்ளே. நான் ஆச்சுன்னு சொன்னேன், நீ போட்டே."

ஊறல் என்பது இது. கண்ணாடி உருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத நிக்கல் கல் ஒன்று உள்ளே மாட்டிக்கொள்வதுண்டு. பதம் போடும் வேகத்தில் அது சுருங்கிய நிலையிலேயே உறைந்துபோகும்; பிறகு வருடக்கணக்கில் மெல்லப் பருக்கும். வயிற்றின் இழுவைக்குள் அது பருத்து முடிக்கிற நாளில், யாரும் தொடாமலே, கண்ணாடி வெடிக்கும். அதனால் பதம் போட்ட தகடுகளை மறுபடி ஓர் அடுப்பில் வைத்து மிதமான சூட்டில் ஊறப்போடுவார்கள். கல் இருந்தால் அங்கேயே பருத்து அங்கேயே உடைந்துவிடும். ஊரில் யார் தலையிலாவது உடைவதற்கு அடுப்பில் உடைவது மேல்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தையல் கடை திறப்பதற்கு முந்தைய நாள், ஊறல் அடுப்பின் விசிறிப் பட்டை அறுந்துவிட்டது. வாசலில் லாரி. பதம் போட்ட தகடுகள் ஆறு, அதில் ஒன்று மனைவியின் கடைக்கு. உலைக்காரருக்கு ஆலையில் ஒரு பெயர் இருந்தது: விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று. பத்துப் பதினைந்து தடவை சொன்னது பலித்தும் இருக்கிறது. மற்றவர்கள் நம்பினார்கள், பிறகு அவரும் நம்பினார். அன்று ஆறையும் வரிசையாகச் சாய்த்துவைத்துத் தட்டினார். ஆறும் நல்ல சத்தம். அதிலும் ஒன்று மணி மாதிரி, சுத்தமாக, நீளமாக ஒலித்தது. அதை மனைவியின் கடைக்கு என்று தனியாக எடுத்துவைத்துவிட்டு, ஆறும் ஊறல் முடிந்தது என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் அடுப்பின் சூட்டுக்கோடு பதிகிற சுருள் தாளைக் கேட்கவில்லை. அக்கா புருஷனிடம் யார் கேட்பார்கள்?

உலைக்காரர் இதையெல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தார். தையல்காரம்மா பேனாவை மூடினார்.

"ஒம்பது வருஷமா இதுக்குக் கீழ என்னை உக்கார வெச்சிருக்கீங்க."

"இருந்ததுலயே நல்லதைத்தான் உனக்குன்னு எடுத்தேன்."

"அது தெரியுது." அவர் குரல் ஏறவில்லை. "நல்லதே இப்படின்னா, மத்த அஞ்சு?"

உலைக்காரர் மூன்று மாதமும் ஒன்பது நாளுமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். மணி மாதிரி ஒலித்தது உடைந்துவிட்டது என்றால் அவர் காது ஒன்றுக்கும் ஆகாது. காது ஆகாது என்றால் அந்த ஐந்தில் எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவை ஊறவில்லை என்பதோ அவர் ஒருவரைத் தவிர யாருக்குமே தெரியாது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. பல் வலி என்று சொல்லிவிட்டு ஐந்து வியாழக்கிழமை பேருந்து ஏறிப் போய் ஐந்தையும் பார்த்து வந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் தட்டியும் பார்த்தார். ஐந்தும் நன்றாகவே ஒலித்தன. பயம் பிடித்ததே அதனால்தான். இதையும் சொல்லிவிட்டார்.

"அப்ப பல்லு?" என்றார் தையல்காரம்மா.

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர் சூடா எதுவும் சாப்பிடக் கூடாதுன்னாருன்னு ஒரு மாசம் உங்களுக்கு எல்லாத்தையும் ஆற வெச்சுக் குடுத்தேன்."

உறிஞ்சி துணிக்கட்டின் மேல் திரும்பி உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். தையல்காரம்மா ஆலைத் தாளை இரண்டாக மடித்து மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு, அளவுப் புத்தகத்திலிருந்து ஒரு முழுத் தாளைக் கிழித்தார். "எங்க எங்கன்னு சொல்லுங்க. நிதானமா. அடிச்சு எழுத வைக்காதீங்க."

உலைக்காரர் சொன்னார். தகடு போன இடம் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். ஒரு வைத்தியசாலையின் முன்கதவு, வலப்பக்கக் கதவு. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பு. நான்கு மாடிக் குடியிருப்பில் மேல்மாடி முகப்பு, கீழே மிதிவண்டி நிறுத்துகிறார்கள். நூலகத்தின் வாசல் மேல் சாய்வுக் கூரை. ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படித் தடுப்பு. தையல்காரம்மா அளவு எழுதுகிற அதே கையெழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார்.

தம்பி எழுந்துவிட்டார். "அக்கா, நிறுத்து. இந்த லெட்டர் ஆலைக்குப் போச்சுன்னா மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது, அவர் ரிட்டையர் ஆனவர். கையெழுத்து என்னுது. எனக்கு இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"உனக்காக எழுதாம இருக்கச் சொல்றியா?"

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்றே?"

அவர் ஃபைலை நாற்காலியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து தெருவுக்குப் போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உடைந்த கண்ணாடி வழியே பார்த்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு தம்பி, ஆயிரக்கணக்கில், எல்லோரும் இடுப்பில் கை வைத்தபடி. உள்ளே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தையல்காரம்மா பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தார்; எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. உறிஞ்சி மட்டும் மெதுவாக, "அண்ணே, அந்தப் பள்ளிக்கூடத்துத் தகடு நான் மாட்டுனதுதான்" என்றார். "மதிய மணி அடிச்சா பிள்ளைங்க அத்தனையும் ஒண்ணா இறங்கி வரும்."

தம்பி திரும்பி வந்து கதவில் நின்றார்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது ஏறுற படி. திரும்புற இடம்" என்றார் உலைக்காரர்.

"பிள்ளைங்க சாயுற பக்கமா?"

"அந்தப் பக்கந்தான்."

தம்பி வந்து உட்கார்ந்தார். "கோபமில்லைன்னு நினைக்காதீங்க மாமா. இருக்கு. ரொம்ப நாள் இருக்கும்."

"இருக்கட்டும் மாப்ளே."

கடிதத்தில் தையல்காரம்மா எழுதியது இருபத்திரண்டு வரி. ஆறு தகடுகளும் ஊறல் அடுப்புக்குப் போகவில்லை, போனதாகச் சொன்னவர் என் கணவர், மற்ற ஐந்தும் கீழ்க்கண்ட இடங்களில் உள்ளன, உடனே கழற்றவும். எங்கள் கடைக்குப் புதுத் தகடு வேண்டாம், இருப்பது நிற்கும்வரை நிற்கட்டும். இதற்குக் கீழே உலைக்காரர் கையெழுத்திட்டார். அதற்கும் கீழே தம்பி தன் பேனாவை எடுத்து, சுருள் தாளைப் பார்க்காமல் சான்றில் கையெழுத்திட்டவன் நான் என்று ஒரு வரி எழுதி, பெயரும் பணி எண்ணும் போட்டார். சாட்சி என்று உறிஞ்சியும் போட விரும்பினார், தேவையில்லை என்றார்கள், ஆனாலும் போட்டார். தையல்காரம்மா எழுந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். "உக்காருங்க. காலு வீங்கிக் கிடக்கு, நான் பார்க்கலன்னு நினைப்பா?" உலைக்காரர் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு அவருடைய முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கும் மெஷினுக்கும் நடுவில் யாரும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐந்து தகடுகளும் பத்தொன்பது நாளில் கழற்றப்பட்டு ஆலைக்கு வந்தன. ஐந்தையும் அடுப்பில் ஊறப்போட்டார்கள். நான்கு அப்படியே வெளியே வந்தன. பள்ளிக்கூடத்துத் தகடு நாற்பத்தோராவது நிமிடத்தில் உடைந்து கொட்டியது. தம்பியை இரண்டு வருடம் மூட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றி, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவர் மாமாவோடு பேசியது வானிலை பற்றி மட்டும். உலைக்காரர் அதன்பிறகு எதையும் தட்டிப் பார்க்கவில்லை, தர்பூசணியைக்கூட. கடையின் முன்கண்ணாடி இன்றைக்கும் நிற்கிறது. வாரம் ஒரு முறை ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கிறார்கள். குறுக்காகத் துடைத்தால் துணியின் நூல் பிரிகிறது.

அன்று கடிதத்தை மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து, பசை காய மெஷின் தலையின் கீழ் இரண்டு நிமிடம் அழுத்திவைத்தார் தையல்காரம்மா. அஞ்சல் நிலையத்துக்கு அவரும் கணவரும் நடந்தே போனார்கள். கதவு மூட இருபது நிமிடம் இருந்தது. ஜன்னல் குமாஸ்தா உறையை எடை போட்டு, பதிவு எண் எழுதிக்கொண்டே, "கண்ணாடி நிக்கிற கடைதானேம்மா நீங்க? என் பேன்ட் இடுப்பைக் கொஞ்சம் விடணும்" என்றார். நாளைக்குக் காலையில் கொண்டுவாங்க என்றார் தையல்காரம்மா. எத்தனை விரல் என்று உலைக்காரர் கேட்டார். ரெண்டு என்று சொல்லிவிட்டு, குமாஸ்தா முத்திரையை உறையின் மேல் ஓங்கிக் குத்தி, அதைப் பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டு, பையின் வாயை இழுத்துக் கட்டினார்.